பதினான்காம் எண் இடம்

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்.
ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின்கம்பம்,
கருகிய இரும்பு வளையத்துக்குள்
யாரோ விட்டுப்போன பாதி விறகு.
வண்டியின் வலச்சக்கரம் பள்ளத்தில்.
ஹார்லன் இரண்டு பலகைகளை அடுக்கி
வா வா வா என்று கையாட்டி
நில்லு என்று அலற,
நான் ஒரு முழம் தாண்டித்தான் நிறுத்தினேன்.
மறுபடி.
பிறகு மேசைமேல் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தோம்.
உருளவில்லை.
அதையே உடைத்து இரவுச் சாப்பாட்டில் போட்டேன்.

மனிடோபாவிலிருந்து நான்கு நாள்.
வரைபடத்தில் விரலை வைத்து
தெற்கே தெற்கே என்று இறங்கி வந்திருக்கிறோம்.
நியூ மெக்சிகோவில் வெயில் உண்டு என்றார்கள்.
உண்டுதான், பகலில்.
இரவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கையை நீட்டினால் சமையலறை,
காலை நீட்டினால் குளியலறை.
ஹீட்டர் மூச்சு வாங்கும், நிற்கும்,
ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி தொடங்கும்.
ஜன்னலில் படிந்த ஆவியில் ஹார்லன்
விரலால் ஒரு வாத்து வரைந்தான்.
அது வாத்தில்லை, கொக்கு என்றான்.
அறுபத்தெட்டு வயதில்
கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் காட்டினான்.

காலையில் குழாயைத் திறந்தேன்.
ஓர் இருமல்.
அவ்வளவுதான்.

வெளியே ரப்பர் குழாய்
பிரம்பாக விறைத்துக் கிடந்தது.
தட்டினால் டொக் டொக் என்றது.
ஆறு மாதம் பனியை வாரிக் கொட்டும் ஊர்க்காரர்கள் நாங்கள்,
படுக்குமுன் அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று
எங்களுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.
பதினொன்றில் இருந்த மினசோட்டாக்காரர் க்விஸ்டும்
தன் குழாயைத் தோளில் சாய்த்து
துப்பாக்கி தூக்கிய காவலாளியாய் நின்றதைப் பார்த்ததும்
எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் டெல்ஃபினா ஆர்ச்சுலேட்டா
இளஞ்சிவப்பு அங்கியோடு, கம்பளித் தொப்பியோடு,
ஹேர் டிரையரை ஏந்தி வந்தாள்.
வண்டியின் எண்பலகையைப் படித்தாள்.
மனிடோபாவா என்று மட்டும் கேட்டாள்.
சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு
அவளுக்குத்தான் தெரியும்.

குழாயின் கழுத்திலிருந்து தொடங்கினாள்.
க்விஸ்ட் காபி கொண்டுவந்தார், நாலு கோப்பை, ஒன்றில் பிடியில்லை.
அப்போதுதான் ஆற்றுப் பக்கம்
கதவுக் கீல்கள் ஆயிரம் ஒன்றாகத் திறந்த சத்தம்.
பெருங்கொக்குகள்.
ஒரு வரிசை, அதன்மேல் இன்னொரு வரிசை,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
டெல்ஃபினாவின் கை அப்படியே நின்றுவிட்டது,
ஹேர் டிரையர் வானத்தைப் பார்த்து
வெப்பக்காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

எங்கள் வழியாக வந்தவையாகவும் இருக்கலாம்.
செப்டம்பரில் எங்கள் கோதுமைத் தாளடியில்
இப்படித்தான் காலைத் தூக்கித் தூக்கி நடந்தன.
அவை பலகை அடுக்கவில்லை,
முட்டை வைத்துப் பார்க்கவுமில்லை.

தண்ணீர் வந்தது.
முதலில் பனித்துண்டுகள், சிறு விரல் அளவு,
புல்லில் துப்பித் துப்பி,
பிறகு ஒழுங்காக.
நால்வரும் கைதட்டினோம்.

பத்து மணிக்கு வெயில் ஏறி
மடக்கு நாற்காலி சூடாகிவிட்டது.
ஒரு சட்டை கழன்றது, இன்னொன்றும்.
டூசானுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்றான் ஹார்லன்,
கண்ணைத் திறக்காமலே.
டூசான் எங்கேயும் ஓடிவிடாது என்றேன்.
இரும்புப் பெட்டிக்குள் போட வேண்டிய கட்டண உறையில்
இரவுகள் என்ற இடத்தில் எழுதியிருந்த ஒன்றை அடித்து
நான்கு என்று எழுதினேன்.
பேனா குளிரில் எழுதாமல் கிறுக்கியதில்
அது ஏழாகவும் தெரிந்தது.
திருத்தவில்லை.

அன்று சாயங்காலம்
சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குமுன்னே
ஹார்லன் குழாயைக் கழற்றி, நீரை வடித்து,
மழையில் நனைந்த பூனையைத் தூக்கி வருவதுபோல
உள்ளே கொண்டுவந்தான்.
படுக்க வைக்க வேறு இடமில்லை.
எங்கள் கால்மாட்டில்.